வில்லன் என்கிற குடியானவன்

நம்பியார், வீரப்பா என்று பார்த்து வளர்ந்த நமக்கு வில்லன் யாரென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகம் வேறு. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை. பண்ணையைச் சேர்ந்த குடியானவனுக்கு வந்த பெயர்தான், மேட்டுக்குடியினர் வாயில் புழங்கிப் புழங்கி அயோக்கியனுக்கு ஆகிவிட்டது.

ஐரோப்பிய நிலப்பிரபுத்துவம் என்றதும் பள்ளிப் புத்தகத்துப் பிரமிடு ஞாபகம் வரும். உச்சியில் அரசன், கீழே பிரபுக்கள், அடியில் குடியானவன். அடியில் இருந்தவன் நகரவே முடியாது என்பது அந்தப் படத்தில் தெரியாது.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியானவனுக்கு உழ நிலம் உண்டு. பதிலுக்குப் பல பண்ணைகளில் வாரம் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாத வேலை. மகள் கல்யாணமா, பிரபுவுக்குப் பணம் கட்டு. இவன் செத்தால் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. வெளியூரில் போய் இருக்க அனுமதி வேண்டுமா, அதற்கும் பணம்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. சாசனம் பெற்ற நகரத்துக்கு ஓடி, ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவன் சுதந்திர மனிதன்!

1348ல் பிளேக் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மக்கள் செத்தார்கள். ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது. பழைய கூலிக்கு மேல் கேட்கக்கூடாது என்று 1351ல் சட்டம் போட்டார்கள். 1381ல் தலைவரியும் சேர, ஜனங்கள் பொங்கிவிட்டார்கள். பல ஊர்களில் பண்ணை ஏடுகளைக் கொளுத்தினார்கள். ஜூன் 14 அன்று, 14 வயது ராஜா இரண்டாம் ரிச்சர்டு பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தார். மறுநாளே கலகத் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். மூன்று வாரத்துக்குள் வாக்கும் வாபஸ்.

ஆனாலும் அந்த முறை நிலைக்கவில்லை. நல்ல கூலி கிடைத்த ஊருக்கு ஆட்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு பிரபு என்ன செய்வார்? குத்தகைக்கு விட்டார். அடுத்த நூற்றைம்பது வருஷத்தில் பண்ணையடிமைகள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள்.

இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரன் கதை என்று தள்ளவும் முடியாது. இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்ததே 1976ல்தான். பிழைக்க ஊரை விட்டு வந்தோமே என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். நியாயம்தான். ஆனால் ரயிலேற எந்தப் பண்ணையாரிடமும் நாம் அனுமதி கேட்கவில்லை, பணம் கட்டவில்லை. அதற்காகத்தான் அந்த வில்லன்கள் ஓடினார்கள்.