யாருக்கு வைத்த பரீட்சை?

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்றால் நமக்கு ஒரு விமர்சன முறைதான் ஞாபகம் வருகிறது. 1929ல் வந்த அவருடைய ‘ப்ராக்டிகல் கிரிட்டிசிஸம்’ அடிப்படையில் ஒரு வகுப்பறையைப் பற்றிய விசாரணை என்பதை நாம் கவனிப்பதில்லை.

1920களில் கேம்பிரிட்ஜில் அவர் செய்தது இது: கவிஞன் பெயரில்லாமல் கவிதைகளை அச்சிட்டு மாணவர்களிடம் தந்தார். ஒரு வாரம் வைத்திருந்து, படித்துத் தோன்றியதை எழுதித் தரவேண்டும். எழுதுகிறவனும் பெயர் போட வேண்டியதில்லை. புத்தகத்திலுள்ள 13 கவிதைகளில் டன்னும் ஹாப்கின்ஸும் இருக்கிறார்கள். இருவரையும் ஏற்றவர்களைவிட ஒதுக்கியவர்களே அதிகம். ஸ்டடர்ட் கென்னடி என்ற பாதிரியாருக்குக் கிடைத்த வரவேற்பு டன்னுக்குக் கிடைக்கவில்லை.

ரிச்சர்ட்ஸ் பத்துத் தடைகளைக் கணக்கெடுத்தார். முதல் தடையே கவிதையின் நேரான பொருள் பிடிபடாமல் போவது. சொந்த ஞாபகங்கள் குறுக்கிடுவது, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியைக் கவிதைமேல் ஏற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. எழுதியவர்கள் தற்குறிகளல்ல, பெரும்பாலும் இங்கிலீஷ் ஆனர்ஸ் மாணவர்கள். ஆகவே குற்றத்தை அவர்கள்மீது போடாமல், வாசிக்கக் கற்றுத்தராத படிப்பின்மீது போட்டார்.

பிறகு நடந்ததுதான் விசித்திரம். இதே பயிற்சி கேம்பிரிட்ஜ் பரீட்சையில் ஒரு தாளாகிவிட்டது. போதனைக்கு எதிரான சாட்சியம் மாணவனுக்கு மார்க் போடும் கருவியாயிற்று. மேற்கத்திய விமர்சனத்தை ஊன்றிப் படித்த சி. சு. செல்லப்பா 1959ல் தொடங்கிய ‘எழுத்து’வில் அலசல் விமர்சனத்தை வற்புறுத்தினார். அங்கும் அலசப்பட்டது படைப்புதான். வாசகன் எதை வாசித்தான் என்ற கேள்வி கூடவே வந்து சேரவில்லை.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்தபோது, டன்னைப் பற்றிய நோட்ஸைப் புரொபஸர் வாசிக்க, நாங்கள் எழுதிக்கொண்டோம். ஒரு வரிகூட விளங்காமல் 68 மார்க் வாங்கினேன். அந்த மார்க் எதற்குச் சாட்சி என்று கேட்க ஆளில்லை. இன்று நாக் குழுவுக்காகக் கல்லூரிகள் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குகின்றன. ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா, தெளிவாக நடத்தினாரா என்ற மாதிரிக் கேள்விகளே பெரும்பாலும். மாணவனுக்கு என்ன விளங்கியது என்பதற்கு அதில் இடமில்லை.

பாங்கில் சாயங்காலம் என் காஷ் நூறு ரூபாய் குறைந்தால், கவுண்டருக்கு வந்து போனவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். ரிச்சர்ட்ஸ் பார்த்தது அப்படி. மாணவர்களின் தப்பான வாசிப்புகளைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொண்டு படித்த ஆசிரியர் அவர். நம் விடைத்தாள்கள் மார்க் போட்டதும் மூட்டையாகக் கட்டப்பட்டுப் போய்விடுகின்றன. அவற்றில் ஒரு கட்டையாவது அவிழ்த்து, மார்க்குக்காக அல்லாமல், யாராவது படித்துப் பார்த்ததுண்டா?