பாவிய முற்றமும் சாய அடுப்பும்

நெசவாளனுக்குப் பாவு என்பது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல். கொத்தனுக்கோ கல்லைத் தரையில் பரப்பி அமைப்பதே பாவுதல். இவ்விரு தொழில்களும் ஒரே சொல்லைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் பொருத்தம், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் சிறுமலையைக் கிழக்கே நோக்கி அமைந்த சின்னாளப்பட்டியில், சாயம் காய்ச்சும் ஒரு வீட்டின் புழைக்கடையில் நின்றபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று.

செங்கல்லும் களிமண்ணும் வைத்து இடுப்பளவு உயர்த்திக் கட்டிய அடுப்பு; அதன்மேல் வாயகன்ற செப்புக் கொப்பரை; சுற்றிலும், வாய்க்காலை நோக்கி இலேசாகச் சரிந்த கருங்கற்பலகைத் தரை. நூற் சிட்டங்களைக் கழியில் கோத்து, நாழிகைக் கணக்கில் சாயநீரில் முக்கியும் திருப்பியும் நிற்பவனுடைய முதுகு ஒடியாதிருக்கவே அடுப்பை உயர்த்தினார்கள். ஈரநூலில் மண் ஒருமுறை தெறித்துவிட்டால் அந்தக் கறை துணியாகும் வரை தொடருமாதலால், தரைக்குக் கல் பாவினார்கள். கொப்பரை திடீரெனக் கொதித்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஆகவே விறகைச் சற்றே உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் சூட்டைப் படிப்படியாக ஏற்றும் கைப்பழக்கமே இத்தொழிலின் உயிர் என்று சொல்லலாம்.

இவ்வடுப்பின் பூர்வீகம் நெடியது. மதுரைச் சீமையின் சிவப்புக்கு ஒரு காலத்தில் ஆதாரமாயிருந்தது, இம்பூறல் என்னும் சிறுசெடியின் சாயவேர். நல்லெண்ணெயையும் உமரிச் செடியின் சாம்பலைக் கரைத்த காரநீரையும் கலந்து, அதில் நூலை நனைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடியும் நனைத்து, இவ்வாறு பல நாட்கள் பக்குவப்படுத்திய பிறகே வேரோடு சேர்த்துக் கொப்பரையில் ஏற்றினார்கள். அந்தச் சிவப்பின் சாரமான அலிசரினை ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்னும் இரு ரசாயன சாஸ்திரிகள் 1868-இல் செயற்கையாக ஆக்கிவிட்டனர். சென்னை மாகாணத்துச் சாயத்தொழிலைப் பற்றி எட்வின் ஹோல்டர் 1896-இல் ஒரு நூல் எழுதியபோது, கப்பலேறி வந்த சரக்கு நாட்டு வேரைப் பெரிதும் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. மண்ணைக் கிளறி வேர் பிடுங்கி வயிறு வளர்த்த ஏழைகளின் ஜீவனம் அதனால் குலைந்ததை நினைக்கையில் மனம் வருந்துகிறது. ஆயினும் அடுப்பு அணையவில்லை. வேருக்குப் பதிலாகப் பொடி வந்ததேயன்றி, நெருப்பும் நீரும் கழியும் அவ்வண்ணமே நிலைத்தன.

பின்னர், சின்னாளப்பட்டு என்று ஊர்ப் பெயராலேயே வழங்கிய செயற்கைப் பட்டு வந்தது. இந்த ரேயான் நூல் ஈரமானால் தன் வலிவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். பருத்தியைப் போல் முறுக்கிப் பிழிந்தால் அறுந்துபோகும். பருத்தியில் பழகிய கைகள் இதன் மென்மைக்கு இசைந்ததைச் சிறிய சாதனையாக நான் கருதவில்லை.

சுங்குடிச் சேலையோ அடுப்பை வேறொரு விதத்தில் நாடுகிறது. ஆதியில் துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுத்தவர்கள், பிற்காலத்தில் உருக்கிய மெழுகை அச்சினால் ஒற்றவும் கற்றனர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயமேற்றியபின் சேலையைக் கொதிநீரில் இடவே, மெழுகு உருகி விலகி வெள்ளைப் பூக்கள் வெளிப்படுகின்றன. நீரின்மேல் ஆடையாக மிதக்கும் அம்மெழுகை வழித்தெடுத்து மறுமுறைக்குச் சேமிக்கிறார்கள்.

பாவிய கல்லுக்கும் நெருப்பே தாய். தென்னாட்டில் பாறைமேல் விறகெரித்து, சூட்டினால் மேற்புறம் பலகையாகப் பெயர்ந்தெழச் செய்வது பழைய உபாயம். அப்படிப் பெயர்ந்தனவோ, வெறும் உளியால் பிளந்தனவோ, நான் கண்ட கற்கள் சாயநீரில் எத்தனையோ முறை நனைந்திருந்தும் நிறம் ஏறாமலே கிடந்தன; உளி பொளிந்த குழிகளிலும் சுண்ணாம்புச் சந்துகளிலும் மட்டும் நீலமும் சிவப்பும் தங்கியிருந்தன. மாலையில் ஒரு மூதாட்டி குடத்து நீரை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் அவற்றைத் தேய்த்துக் கழுவினாள். வாய்க்காலில் ஓடிய நீர் முதலில் செந்நிறமாகவும், பிறகு இளஞ்சிவப்பாகவும், கடைசியில் தெளிவாகவும் சென்றது.