வேட்டையும் அறமும்

தேவநம்பியதீசன் மிகிந்தலைக் குன்றிற்கு வேட்டை மேற் சென்ற கதை நம் மாணவர் யாவரும் அறிந்ததே. கி. மு. 3ஆம் நூற்றாண்டிலே, பொசன் பூரணை நாளில், மலைத் தெய்வமொன்று மரையின் உருக்கொண்டு அரசனை மகிந்த தேரர் இருந்தவிடத்துக்கு இட்டுச் சென்றது என்பது மகாவம்சத்தின் கூற்று. கதையின் முடிபு சமய வரலாற்றுக்கு உரியது. அதன் நடுவே அமைந்த ஒரு சிறு செயலையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். மேய்ந்து நின்ற அவ்விலங்கைக் கண்ட அரசன் உடனே அம்பு தொடுத்தானல்லன். அயர்ந்து நிற்பதனை எய்தல் தகாது எனக் கருதி, வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்பினான். மரை வெருண்டு ஓடியது, அரசனும் பின்தொடர்ந்தான்.

இதனை ஒருமுறை வகுப்பிலே கூறியபோது மாணவனொருவன் எழுந்து, "சேர், ஓடுகிற மானைக் கொன்றால் மட்டும் பாவமில்லையோ?" என்று வினவினான். ஏனையோர் நகைத்தனர். எனக்கோ அவ்வினாவுக்கு அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டிய வேளையில், அவ்வினா மிகப் பழையதென்பதும், அறிஞர் பலரை அது இடர்ப்படுத்தியிருப்பதும் தெரியவந்தன.

மகாவம்சம் அம்மரையைக் குறிக்க வழங்கும் சொல் 'பமத்த' என்பது; அயர்ந்த நிலையில் உள்ளது என்பது பொருள். அதன் வடமொழி வடிவமாகிய 'பிரமத்த' என்னுஞ் சொல் இதிகாசங்கள் இரண்டிலும் இதே வழக்கின் நடுவே நிற்கின்றது. பாரதத்தின் ஆதிபருவத்திலே, மான் வடிவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு எய்துவிடுகின்றான். குற்றஞ்சாட்டப்பட்டபோது அவன் கூறும் விடை, அயர்ந்திருப்பினும் விழித்திருப்பினும் அரசர் மானைக் கொல்வது வழக்கமே என்பது. அகத்தியர் வேள்விக்காக வேட்டையாடியதையும் அவன் துணைக்கு அழைக்கின்றான். மான் கொல்லப்பட்டதற்காக யான் உன்னைப் பழிக்கவில்லை, கூட்டம் முடியுமளவும் பொறாததற்கே பழிக்கின்றேன் என்கின்றார் முனிவர். இராமாயணத்திலே வாலி, மறைந்து நின்று எய்தது முறையோ எனக் கேட்க, ஊனை விரும்பும் மனிதர் அயர்ந்த விலங்கையும் விழித்த விலங்கையும், புறங்காட்டி ஓடுவதனையுங்கூட எய்வர், அதில் குற்றமில்லை என இராமன் மறுமொழி கூறுகின்றான். வாலிவதைக்கு அது தக்க விடையாகுமோ என்பது வேறு. நமக்கு வேண்டுவது, 'ஊனை விரும்பும் மனிதர்' என்னும் அச்சொற்றொடரே.

உணவுக்காக வேட்டையாடுவோன் நாணைத் தெறிப்பானோ? தெறியான். தெறிப்பானாயின் அன்றிரவு அவன் குடிசையில் உலை வையார். விலங்குக்கு ஒரு வாய்ப்பு அளிக்கும் பெருந்தன்மை, அது தப்பியோடினும் தனக்கு யாதொரு நட்டமும் இல்லாதவனுக்கே எளிது. தீசன் வெறுங்கையோடு அரண்மனைக்கு மீண்டிருப்பினும் உணவு காத்திருந்திருக்கும். ஆகவே வேட்டையறம் என ஒன்றாகப் பேசப்படுவது உண்மையில் இரண்டு. ஒன்று விளையாட்டின் நேர்மை. மற்றையது தேவையின் அளவு. முன்னது எவ்வாறு கொன்றாய் என்று கேட்கும். பின்னது எத்தனை கொன்றாய், எதற்குக் கொன்றாய் என்று கேட்கும்.

பின்னைய கேள்வியும் நம் முன்னோர்க்குப் புதிதன்று. வனபருவத்திலே துவைதவனத்து மான்கள் தருமன் கனவில் தோன்றி, எம்மினம் அருகிவிட்டது, வித்தாக எஞ்சிய எம்மை விட்டு வேறிடம் பெயர்வீராக என இரக்கின்றன. பாண்டவரும் காட்டை விட்டு அகல்கின்றனர். ஊனுண்டு வாழ்ந்தவர்க்கு அவ்வூனே முறையிட்ட இக்காட்சிக்கு ஒப்பானதை யான் பிறிதோரிடத்திற் கண்டிலேன். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார், திண்ணனாரின் முதல் வேட்டையைப் பாடுமிடத்து, கொலைத்தொழில் வல்ல அவ்வேடர்தாமும் யானைக் கன்றுகளைத் தொடராமையையும், சிறு குட்டிகளைக் கொல்லாமையையும், சூல் கொண்டு அடி தளர்ந்த பிணைகளை அலைக்காமையையும் எடுத்துரைக்கின்றார். புலால் மறுத்த சைவப் புலவர், வேடர்க்கும் ஓர் அறம் உண்டெனக் கண்டு அதனைப் பதிவு செய்தமை நம் கவனத்துக்கு உரியது.

இனி, அசோகனை நோக்குவாம். மகிந்தரின் தந்தையென மகாவம்சம் கூறும் அம்மன்னன் அளவு பற்றிய வினாவைத் தன் அடுக்களையிலிருந்தே தொடங்கினான். அவனது முதலாம் பாறைச் சாசனம், முன்னர் அரச மடைப்பள்ளியிலே நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் மாத்திரமே கொல்லப்படுகின்றன என்றும், அம்மானும் எப்போதுமன்று என்றும், இனி இம்மூன்றும் கொல்லப்படா என்றும் கூறும். தன் உண்கலத்தில் எஞ்சிய ஒற்றை மானையும் மறைக்காது கல்லிற் பொறித்த பேரரசனை வரலாற்றிற் காண்டல் அரிது. எட்டாம் சாசனம் அரசரின் வேட்டை யாத்திரைகள் அறயாத்திரைகளாக மாறியதைக் கூறும். 1958இல் காந்தகாரிலே கண்டெடுக்கப்பட்ட கிரேக்க, அரமேய மொழிச் சாசனமோ அரசனின் வேடரும் மீனவரும் தொழிலை விட்டனர் என்கின்றது. விட்டவர் பின் என்ன உண்டனர் என்பதைச் சாசனம் கூறவில்லை. பதின்மூன்றாஞ் சாசனத்திலே காட்டு மக்களை நோக்கி அவன் விடுக்கும் எச்சரிக்கையையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

நம் தீவின் காட்டு மக்களாகிய வேடுவரைப் பற்றி விரிவாக எழுதியவருள் முற்பட்டவர் றொபேட் நொக்ஸ். கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து மீண்ட அவர், 1681இல் வெளியிட்ட நூலிலே, வேடுவர் மரப்பொந்தில் தேனை வார்த்து, அதனுள் இறைச்சியை இட்டுக் களிமண்ணால் அடைத்துப் பின்னாளுக்கென வைப்பர் எனக் கூறுகின்றார். அம்பு வேண்டுமிடத்து, இரவிலே கொல்லன் பட்டடையில் இறைச்சிச் சுமையொன்றைத் தூக்கிவிட்டு, அம்பின் வடிவாக நறுக்கிய இலையையும் வைத்துச் செல்வராம். செய்து கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். மறுத்தால் அம்பே வரும். 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய நூல், பண்டை வேட்டை வீரனொருவனின் ஆவியாகிய கண்டே யக்காவை அவர்கள் வேட்டை வாய்ப்புக்காக வேண்டியதை விவரிக்கும். மரையை அணுகும் வேடுவன் ஓசையின்றித் தவழ்ந்தான். நாணொலி அவன் அறத்தில் இல்லை.

நாணொலியின் அறம் 19ஆம் நூற்றாண்டிலே துவக்கோடு திரும்பி வந்தது. நுவரெலியாவிலே குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களை ஏவி மரையைத் துரத்தி, அது திரும்பி எதிர்த்து நிற்கும்போது கத்தியால் குத்திக் கொல்வதைப் பெருவிளையாட்டாகக் கொண்டார். 1854இல் வெளிவந்த அவர் நூல் அதனை மிக்க பெருமிதத்தோடு வருணிக்கும். அக்காலத்தவரான மேஜர் றொஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப்படுவர். 1845இல் அப்புத்தளையிலே இடிவிழுந்து அவர் இறந்ததனை ஊரார் எவ்வாறு விளக்கியிருப்பர் என்பதை நான் கூற வேண்டியதில்லை.

விலங்குகள் அருகியபோது சட்டங்கள் பிறந்தன. 1872இல் ஒரு கட்டளைச் சட்டம், 1909இல் மற்றொன்று, 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1894இல் அமைந்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தோர் பெரும்பாலும் வேட்டைக்காரரே. அவர்கள் முயற்சி இல்லையேல் யாலவும் வில்பத்தும் இன்று வெறுங்காடாயிருக்கும். இந்நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும், 1900இல் யாலவிலே விலங்குகளின் சரணாலயம் அமைந்தபோது, அதனை அடுத்து அம்மாகாணத்து வேட்டை விளையாட்டாளர்க்கென ஒரு காடும் ஒதுக்கப்பட்டது. அனுமதிப் பத்திரம் பெற்றுப் பகலிலே சுடுபவன் கனவான். கண்ணி வைப்பவனும் இரவிலே விளக்கொளியிற் சுடுபவனும் குற்றவாளிகள். இங்கே சட்டமாயிற்று தேவையின் அளவன்று, விளையாட்டின் நேர்மையே. கண்ணி சூற்பிணையையும் குட்டியையும் பிரித்தறியாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். எனினும், பத்திரத்துக்குப் பணமில்லாதவனிடம் சட்டம் பசியைப்பற்றி யாதும் வினவவில்லை.

அவ்வம்பாந்தோட்டை மாவட்டத்திலே 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்து இச்சட்டங்களைச் செயற்படுத்தியவர் லெனாட் வூல்ஃப். பதவி துறந்தபின் 1913இல் அவர் வெளியிட்ட நாவலின் தலைவன் சிலிந்து, காட்டோரத்துக் குக்கிராமமொன்றின் ஏழை வேட்டைக்காரன். நீர்நிலையருகே இரவிலே காத்திருந்து சுடுபவனுக்கு நீதிமன்றிலே பேச நா இராது. அதிகாரியாயிருந்தவரின் எழுதுகோலே அவனுக்கு நாவாயிற்று.

1983இல் மாதுறு ஓயாத் தேசிய பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டபோது தம்பானை வேடுவரின் வேட்டைக்காடு அதனுள் அடங்கிற்று. குடும்பங்கள் பல மகாவலித் திட்டத்தின்கீழ் எனானிகலைக்கு அனுப்பப்பட்டு நெற்காணி பெற்றன. அவர்தம் தலைவர் ஊறு வரிகே திசாகாமி செல்ல மறுத்தார். 1998இல் இறக்குமளவும் அவர் தம்பானையிலேயே வாழ்ந்தார். முன்னோர் மரையைத் தொடர்ந்து சென்ற காட்டினுள் வில்லோடு நுழைதல் அவர் மக்களுக்குக் குற்றமாயிற்று.