ஜானி கேஷின் ஒலிப்பதிவுகள்

ஜானி கேஷ் (1932–2003) அமெரிக்காவின் கன்ட்ரி இசைக்கும் ராக் இசைக்கும் ஒருசேர உரியவர். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபம் 1980இலும், ராக் அண்ட் ரோலின் புகழ்மண்டபம் 1992இலும் அவரைச் சேர்த்துக்கொண்டன. முதல் தட்டு வந்த 1955 தொடங்கி, கடைசியாக ஒலிவாங்கி முன் அமர்ந்த 2003 ஆகஸ்ட் வரை 48 ஆண்டுகள் அவர் பாடிப் பதிந்துகொண்டே இருந்தார். கொலம்பியா நிறுவனத்தில் அவர் செய்த வேலையை முதன்மையாக வைத்து 2012இல் வந்த பெட்டித் தொகுப்பில் மட்டும் 63 குறுந்தட்டுகள் இருக்கின்றன. இத்தனை பதிந்தவரின் எல்லாப் பதிவும் ஒரே தரத்தில் இருக்க முடியாது. காலம் தாண்டி நிற்பவை பெரும்பாலும் கருவிகள் குறைந்து, குரல் முன்னால் வந்து நிற்கும் பதிவுகள். கைவசம் இருந்தது குறைவு என்பதால் பிறந்த அந்த எளிய ஒலியை அவரும் அவருடைய தயாரிப்பாளர்களும் இடையில் பல ஆண்டுகள் கைவிட்டிருந்தார்கள்.

மெம்ஃபிஸ்

ஆர்கன்சா மாநிலத்தின் கிங்ஸ்லாந்தில் பிறந்த கேஷுக்கு மூன்று வயதானபோது குடும்பம் டையஸ் குடியேற்றத்துக்கு வந்தது. நொடித்துப்போன விவசாயிகளுக்காக அரசு உருவாக்கிய ஊர் அது. அங்கே பருத்தி எடுத்து வளர்ந்தார். 1937 வெள்ளத்தில் ஊரைவிட்டு வெளியேறிய நினைவு, 22 ஆண்டுகள் கழித்து 'ஃபைவ் ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்ற பாட்டானது. 1950இல் விமானப்படையில் சேர்ந்தார். ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்கில் சோவியத் நாட்டு மோர்ஸ் செய்திகளை ஒட்டுக்கேட்பது வேலை. சிறைச்சாலை பற்றிய ஒரு திரைப்படத்தை அங்கே பார்த்த பிறகு எழுதியதுதான் 'ஃபால்சம் பிரிசன் புளூஸ்'. இதன் மெட்டிலும் வரிகளிலும் பெரும்பகுதி கார்டன் ஜென்கின்சின் 'கிரசென்ட் சிட்டி புளூஸ்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காகப் பின்னாளில் கேஷ் ஜென்கின்சுக்குப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. அவரை நேசிப்பவர்களும் இதை மறைக்க வேண்டியதில்லை.

1954இல் மெம்ஃபிசுக்கு வந்து, வீட்டு உபயோகச் சாமான்களை வீடு வீடாக ஏறி விற்றார். உடன் வாசிக்கக் கிடைத்த லூதர் பெர்கின்ஸ், மார்ஷல் கிராண்ட் இருவரும் கார் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள். கிராண்ட் அப்போதுதான் டபுள் பேஸ் கற்கத் தொடங்கியிருந்தார். பெர்கின்சின் மின்கிட்டார் வாசிப்போ ஒவ்வொரு சுரமாகத் தடவித் தேடிச் செல்லும். டிரம் கிடையாது. வேகமாக வாசிக்கத் தெரியாத மூன்று பேரும் சேர்ந்து தட்டியதில், கூட்ஸ் வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஒரு தாளம் விழுந்தது. 'பூம்-சிக்கா-பூம்' என்று பெயர் பெற்ற அந்தத் தாளமே கேஷின் முத்திரையாயிற்று.

கிறித்தவ பக்திப் பாடல்களைப் பதிய விரும்பியே சன் ரெக்கார்ட்ஸ் உரிமையாளர் சாம் பிலிப்சிடம் அவர் போனார். அவை விற்காது என்று பிலிப்ஸ் சொல்லிவிட்டார். ரயிலில் ஊர் திரும்பும் ஒருவன் பாடுவதாக அமைந்த 'ஹே போர்ட்டர்' அவருக்குப் பிடித்தது. மறுபக்கத்துக்கு ஒரு காதல் பாட்டு கேட்டார். கேஷ் 'க்ரை க்ரை க்ரை' எழுதிக்கொண்டு வந்தார். 1955 ஜூனில் வெளியான அந்தத் தட்டு கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம் வரை வந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 2 அன்று பதிந்த 'ஐ வாக் த லைன்' அவரை நாடறிந்த பாடகராக்கியது. அதை உற்றுக் கேட்க வேண்டும். டிரம் இல்லாத குறையைத் தீர்க்க, கேஷ் கிட்டார் தந்திகளுக்கிடையே ஒரு காகிதத் துண்டைச் செருகிக்கொண்டார். தந்தியை மீட்டும்போது ஸ்னேர் டிரம்மை வருடுவது போன்ற சரசரப்பு வருவது அதனால்தான். ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மாறுகிறது. மாறும் முன் அவர் உதடு மூடி முணங்குகிறார், புதிய சுருதியைப் பிடித்துக்கொள்வதற்காக. வேறு ஒருவராக இருந்தால் அந்த முணங்கலை அடுத்த பதிவில் நீக்கச் சொல்லியிருப்பார். இங்கே அதுவே பாட்டின் அடையாளமாகிவிட்டது. கேஷ் இதை மெதுவாகப் பாட நினைத்திருந்தார். வேகமாக ஒரு முறை பாடச் சொல்லி வாங்கிய பதிவையே பிலிப்ஸ் வெளியிட்டார். வானொலியில் அதைக் கேட்ட கேஷ், தட்டை நிறுத்திவிடும்படி கெஞ்சினார். தட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது, பொதுப் பட்டியலில் 17ஆம் இடத்துக்கும் ஏறியது.

1957 அக்டோபரில் வந்த 'ஜானி கேஷ் வித் ஹிஸ் ஹாட் அண்ட் புளூ கிட்டார்' சன் நிறுவனம் வெளியிட்ட முதல் எல்.பி. தட்டு. பக்திப் பாடல்களுக்கு இடமில்லாததாலும் உரிமைத்தொகை போதாததாலும் மறு ஆண்டு கேஷ் அங்கிருந்து வெளியேறினார். கையிருப்பில் இருந்த பதிவுகளை வைத்துப் பல ஆண்டுகள் சன் தட்டுகள் போட்டுக்கொண்டிருந்தது.

கொலம்பியா

கொலம்பியா அவருக்குக் கொடுத்த பெரிய வரம் சுதந்திரம். 1959இலேயே ஒரு முழு பக்திப் பாடல் தொகுப்பு வந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு முழுத் தட்டையும் அதைச் சுற்றிக் கட்டும் பழக்கம் கன்ட்ரி இசையில் அன்று அரிது. கேஷ் அதை அடுத்தடுத்துச் செய்தார். 'ரைடு திஸ் டிரெய்ன்' (1960) ரயில் ஓசைக்கும் பேச்சுக்கும் இடையே பாட்டுகளைக் கோத்து நாட்டின் உழைப்பாளிகளைக் காட்டியது. 'பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' (1963) உழைக்கும் மக்களின் பாட்டுகளால் ஆனது. அதே ஆண்டில் வந்த 'ரிங் ஆஃப் ஃபயர்' ஜூன் கார்ட்டரும் மெர்ல் கில்கோரும் எழுதியது. ஜூனின் தங்கை அனிடா முதலில் பாடிய அந்தப் பாட்டில் கேஷ் மெக்சிகோ மரியாச்சிக் குழுக்களின் பாணியில் டிரம்பெட்டுகளைச் சேர்த்தார். ஏழு வாரம் கன்ட்ரி முதலிடத்தில் இருந்தது. பாட்டின் பெயரையே தாங்கிய தொகுப்பு, 1964 ஜனவரியில் பில்போர்டு கன்ட்ரி ஆல்பம் பட்டியலைத் தொடங்கியபோது அதன் முதல் முதலிடத்தைப் பெற்றது.

இக்காலத்தின் மிகத் துணிவான தட்டு 'பிட்டர் டியர்ஸ்' (1964). எட்டுப் பாட்டும் அமெரிக்கப் பூர்வகுடிகள் இழந்தவற்றைப் பற்றியவை. ஐந்தை பீட்டர் லா ஃபார்ஜ் எழுதினார். இவோ ஜிமா தீவில் கொடி ஏற்றிய வீரர்களில் ஒருவரான பீமா இனத்து அயிரா ஹேய்ஸ், போருக்குப் பின் குடியிலும் வறுமையிலும் அழிந்த கதை அவற்றில் ஒன்று. வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்பத் தயங்கின. கேஷ் பில்போர்டு இதழில் முழுப் பக்க விளம்பரம் எடுத்து, உங்களுக்குத் துணிவு எங்கே போயிற்று என்று நிலையத்தாரிடம் நேரடியாகக் கேட்டார். பாட்டு 3ஆம் இடம் வரை ஏறியது. பிறருக்காகப் பேசத் தன் சந்தையைப் பணயம் வைத்த இந்தத் தட்டுக்கு உரிய மரியாதை இன்றும் முழுதாகக் கிடைக்கவில்லை.

சிறைகள்

கேஷ் சிறைகளில் பாடுவது புதிதல்ல. 1957 முதலே பாடி வந்தார். அங்கேயே பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசைக்குத்தான் ஆதரவு கிடைக்கவில்லை. பாப் ஜான்ஸ்டன் தயாரிப்பாளராக வந்த பிறகே வழி பிறந்தது. மாத்திரைப் பழக்கத்தால் உடலும் விற்பனையும் சரிந்திருந்த நிலையில், 1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறையில் காலையும் நண்பகலுமாக இரண்டு நிகழ்ச்சிகள் பதிவாயின. தட்டின் பெரும்பகுதி காலை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது.

தன் பெயரைச் சொல்லி ஒரு வணக்கம், உடனே கைதிகளின் ஆரவாரம், லூதரின் கிட்டார். அந்தத் தொடக்கத்தை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார். பாட்டுகளுக்கு நடுவே சிறை ஒலிபெருக்கியின் அறிவிப்புகளும் தட்டில் அப்படியே விடப்பட்டுள்ளன. 'ஃபால்சம் பிரிசன் புளூஸ்' பாட்டில் கொலையைப் பற்றிய புகழ்பெற்ற வரிக்குப் பின் கேட்கும் ஆரவாரம் மட்டும் பிறகு ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டது. காவலர்கள் பார்த்திருக்கும்போது கைதிகள் அந்த இடத்தில் அடக்கமாகவே இருந்தார்கள். கடைசிப் பாட்டான 'கிரேஸ்டோன் சேப்பல்' அந்தச் சிறையிலேயே இருந்த கிளென் ஷெர்லி எழுதியது. முந்தைய இரவில்தான் அதன் ஒலிநாடா கேஷின் கைக்கு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஷெர்லி தன் பாட்டை அடுத்தவர் வாயால் கேட்டார். 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மறு ஆண்டு பிப்ரவரி 24 அன்று சான் குவென்டின் சிறை. ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதிய 'எ பாய் நேம்டு சூ' பாட்டைக் கேஷ் அப்போது மனப்பாடம்கூடச் செய்திருக்கவில்லை. தாளைப் பார்த்துப் படித்தார். குழு போகிற போக்கில் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டது. சிரித்துக்கொண்டே பாடுவது தட்டில் அப்படியே இருக்கிறது. பொதுப் பட்டியலில் 2ஆம் இடம் வரை வந்த அந்தப் பாட்டுக்கு மேல் அப்பட்டியலில் அவர் ஏறியதே இல்லை. ஆல்பம் முதலிடம் பெற்றது. இத்தட்டில் லூதர் பெர்கின்ஸ் இல்லை. 1968 ஆகஸ்டில் வீட்டில் நேர்ந்த தீவிபத்தில் அவர் இறந்துபோனார்.

இறங்குமுகம்

1969 முதல் 1971 வரை தொலைக்காட்சி நிகழ்ச்சியால் வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார். கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனின் 'சண்டே மார்னின் கமின் டவுன்' (1970), தன் கறுப்பு உடைக்குக் காரணம் சொல்லும் 'மேன் இன் பிளாக்' (1971) இரண்டும் உயர்ந்தவை. அதன்பின் வயலின் கூட்டமும் பின்பாட்டுக் குழுவும் பதிவுகளில் அடைத்துக்கொண்டன. தனியாக அவர் கடைசியாக முதலிடம் பெற்ற பாட்டு 1976இன் 'ஒன் பீஸ் அட் எ டைம்'. அதில் ஒலித்தது பழைய பூம்-சிக்கா-பூம். எது தனக்குப் பொருந்தும் என்பதை அந்த வெற்றி காட்டியது. காட்டியும் பாடம் கற்கவில்லை. 1985இல் வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ், கிறிஸ்டோஃபர்சனுடன் பாடிய 'ஹைவேமேன்' முதலிடம் பிடித்தும், 1986இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. 28 ஆண்டு உறவு. பிறகு மெர்க்குரி நிறுவனத்தில் வந்த தட்டுகளைக் கேட்க ஆளில்லை.

ரூபினின் வீட்டில்

ராப், ஹெவி மெட்டல் தட்டுகளால் பெயர் பெற்றிருந்த ரிக் ரூபின் 1993இல் கேஷைத் தேடி வந்தார். தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, பிடித்த பாட்டுகளை எல்லாம் கிட்டாரோடு பாடச் சொன்னார். தனியாக ஒரு கிட்டாரை மட்டும் வைத்து ஒரு தட்டு போட வேண்டும் என்பது கேஷின் பழைய கனவு. அதுவரை யாரும் இடம் கொடுக்கவில்லை. 1994இல் வந்த 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' தட்டில் 13 பாட்டு. இரண்டு மட்டும் லாஸ் ஏஞ்சலிஸ் கேளிக்கை விடுதி ஒன்றில் மக்கள் முன் பாடியவை. மெம்ஃபிசின் வறுமை கொடுத்த வெறுமை, 62 வயதில் அவரே விரும்பி எடுத்துக்கொண்ட வெறுமையாகத் திரும்பி வந்தது. கிராமி விருதும் கிடைத்தது.

டாம் பெட்டியின் குழுவோடு பதிந்த 'அன்செய்ன்டு' (1996), 'சாலிட்டரி மேன்' (2000), 'த மேன் கம்ஸ் அரவுண்ட்' (2002) ஆகியவை தொடர்ந்தன. இடையே நரம்பு நோய் அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. கடைசித் தட்டில் உள்ள 'ஹர்ட்' டிரென்ட் ரெஸ்னர் எழுதியது. ஓர் இளைஞனின் தன்வெறுப்பாக இருந்த பாட்டு இங்கே ஒரு முதியவரின் கணக்குத் தீர்ப்பாக மாறுகிறது. முடிவை நெருங்க நெருங்க ஒரே பியானோ சுரம் சம்மட்டிபோல் விழுந்துகொண்டே இருக்கிறது. மேலே குரல் உடைகிறது. அந்த உடைவை ரூபின் மறைக்கவில்லை. பாடகரின் தளர்ச்சியைப் பலவீனமாகக் கருதாமல் உண்மையாகக் கருதிய தயாரிப்பு அது; கேஷின் பதிவுகளில் இதைவிடச் சிறந்ததாக ஃபால்சம் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

மறைவுக்குப் பின்

2003 மே 15 அன்று மனைவி ஜூன் இறந்தார். அதன்பின் உடல் அனுமதித்த நாட்களில் எல்லாம் கேஷ் பாடினார். கடைசியாக எழுதிய பாட்டு 'லைக் த 309'. தன் சவப்பெட்டியை ஏற்றிச் செல்லப்போகும் ரயிலைப் பற்றியது. செப்டம்பர் 12 அன்று காலமானார். அந்தக் கடைசி மாதப் பதிவுகளைக் கொண்ட 'எ ஹண்ட்ரட் ஹைவேஸ்' 2006இல் பொதுப் பட்டியலில் முதலிடம் பெற்றது, சான் குவென்டினுக்குப் பின் 37 ஆண்டுகள் கழித்து. 'ஏய்ன்ட் நோ கிரேவ்' 2010இல் வந்தது. 1993இல் பாடிவைத்த மாதிரிப் பதிவுகளில் குரலையும் கிட்டாரையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றக் கருவிகளைப் புதிதாக வாசித்துச் சேர்த்த 'சாங்ரைட்டர்' 2024இல் வெளியானது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் தேர்ந்தெடுத்த பாடல் தொகுப்புகளை விட்டுவிடுங்கள். 1957இன் முதல் எல்.பி., ஃபால்சம், 1994இன் தனிக் கிட்டார் தட்டு, இந்த மூன்றையும் இதே வரிசையில், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேளுங்கள்.