கோழிச் சீக்கும் குமாவுன் மலையும்

தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ் அன்பர்கள் பலர், கோடை வந்ததும் குழந்தைகளுடன் காத்கோதாம் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து மலைப்பாதை ஏறி நைனிதாலுக்கும் இராணிக்கேத்துக்கும் போய் வருவது வழக்கம். இராணிக்கேத் என்றால் இராணியின் வயல் என்று பொருள். தேவதாரு மரங்களும், தொலைவில் பனிச் சிகரங்களும், இராணுவப் பாசறையும் உடைய ஊர் அது. அவ்வூரின் பெயர் நம் தமிழ்நாட்டுக் குக்கிராமங்களில் கோழி வளர்க்கும் பெண்கள் காதிலும் விழுந்திருக்கிறது. ஆனால் அஃது ஓர் ஊரின் பெயர் என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. கால்நடை மருத்துவர் வாயில் அது ஒரு நோயின் பெயர். ஊர்ப் பேச்சில் அதற்கு வெள்ளைக் கழிச்சல் என்று பெயர்.

அந்த நோயின் சரித்திரத்தோடு, அதற்கு நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்த பச்சிலை மருந்தின் கதையும் பின்னிக் கிடக்கிறது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் இளமைப் பருவத்தில், தஞ்சை மாவட்டத்தில் எங்கள் பாட்டியார் வீட்டில் பதினொரு கோழிகள் இருந்தன. ஒரு பங்குனி மாதத்தில் அவற்றுக்குச் சீக்கு வந்தது. முதல் நாள் ஒரு கோழி இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றது. மறுநாள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. பாட்டியார் வாய்க்கால் கரையிலிருந்து கீழாநெல்லியைப் பிடுங்கி வந்தார். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் அதனோடு சேர்த்து அம்மியில் வைத்து அரைத்தார். சுண்டைக்காயளவு உருண்டைகளாக உருட்டி, ஒவ்வொரு கோழியின் அலகையும் விரித்து உள்ளே செலுத்தினார். நோய் கண்டவற்றைத் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்தார். வாரம் முடிவதற்குள் ஒன்பது கோழிகள் மாண்டன. இரண்டு பிழைத்தன. அவற்றுள் ஒன்றின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது.

“மருந்து ரெண்டைக் காப்பாத்திடுச்சு,” என்றார் பாட்டியார். அடுத்த ஆண்டு அதே நோய் தெருவில் மீண்டும் நுழைந்தபோது, புதிதாக வளர்ந்த கோழிகள் மடிந்தன. பழைய இரண்டும் அசையாமல் நின்றன. அதன்பின் பாட்டியாரின் மருந்தைப் பற்றித் தெருவில் யாரும் ஐயம் எழுப்பவில்லை. நானும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினேன்.

மாட்டு மருத்துவத்திற்கு நம்மிடம் வாகடங்கள் உண்டு; மாட்டு வாகடம் என்ற பெயரில் ஏட்டுச் சுவடிகளே இருக்கின்றன. ஆந்திர நாட்டில் குக்குட சாஸ்திரம் என்று ஒன்று வழங்குகிறது. ஆயின் அது போர்ச் சேவல்களின் நிறத்தையும் நாள் நட்சத்திரத்தையும் வைத்து வெற்றி தோல்வி சொல்வது. கொல்லைப்புறத்தில் குப்பையைக் கிளறும் முட்டைக் கோழிக்கு ஏடு எழுதப் புலவர் யாரும் முன்வந்ததாக நான் அறியேன். அதன் வைத்தியம் முழுவதும் பெண்களின் வாய்மொழியாகவே வந்தது. அந்த வாய்மொழியில் நோய்க்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: சீக்கு. கொண்டையில் கொப்புளம் எழும் அம்மையும் சீக்குத்தான். குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலும் சீக்குத்தான். இரவில் நன்றாக இருந்த கோழியைக் காலையில் பிணமாக்கும் கோழிக் காலராவும் சீக்குத்தான்.

இந்த ஒற்றைச் சொல்லுக்குள்தான் பச்சிலை மருந்தின் புகழ் ஒளிந்திருந்தது. கோழியம்மை பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தானே ஆறிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் புண்ணும் விரைவில் காயும், ஈயும் மொய்க்காது. ஆகவே மருந்துக்கு வெற்றி. செரிமானக் கோளாற்றுக்குச் சீரகமும் மிளகும் உதவும், அதுவும் வெற்றி. வெள்ளைக் கழிச்சல் வந்தபோது மட்டும் கொட்டடி வெறிச்சோடியது. அதனை விதி என்று சொல்லிவிடுவார்கள்.

கோழிக்கும் நவீன மருத்துவத்திற்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆய்வுக்கூடத்தில் கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பு மருந்தாக்கும் கலை பிறந்ததே கோழியிடத்தில்தான். பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1879-ஆம் ஆண்டில் கோழிக் காலராக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நெடுநாள் வைத்துப் பழகிப்போன கிருமிக் கரைசலைச் செலுத்தினால் கோழி சாவதில்லை, பிற்பாடு வீரியமான கிருமியையும் அது தாங்கிக்கொள்கிறது என்று கண்டு, 1880-இல் உலகுக்கு அறிவித்தார். வெறிநாய்க் கடிக்கு அவர் மருந்து கண்டது அதற்குப் பின்னர்தான்.

இந்தியாவில் கால்நடை ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வுக்கூடம் 1889-இல் பூனாவில் தோன்றியது. கொடிய தொற்றுநோய்க் கிருமிகளை மக்களும் மாடுகளும் நெருங்கி வாழும் இடத்தில் கையாள்வது ஆபத்து என்பதால், 1893-இல் அதனைக் குமாவுன் மலையில், ஏறத்தாழ 7,500 அடி உயரத்திலுள்ள முக்தேசுவரத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே முதல் கவலையெல்லாம் மாட்டுக் கொள்ளைநோய் பற்றியதே. உழவனின் ஏர்மாடு செத்தால் சர்க்காரின் வரியும் சாகும். கோழி செத்தால் யாருக்கு என்ன? அந்தக் கொள்ளைநோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது என்பதை இங்கே மகிழ்ச்சியுடன் சொல்லிவிட்டு, கோழிக்குத் திரும்புகிறேன்.

1926-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள இரண்டு இடங்களில் ஒரே விதமான கோழிநோய் பதிவாயிற்று. ஒன்று ஜாவாத் தீவு. மற்றொன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரம். நியூகாசிலில் டாயில் என்பவர் அதனை ஆராய்ந்து, அது கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரஸால் வருவது என்று 1927-இல் எழுதினார். உலகம் இன்றும் அதனை நியூகாசில் நோய் என்றே அழைக்கிறது. இராணிக்கேத் பகுதியில் கோழிகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததை முக்தேசுவரத்தின் தலைவர் எட்வர்ட்ஸ் 1928-இல் ஒரு புதிய நோய் என்று குறித்தார். இராணிக்கேத் நோய் என்ற பெயர் நிலைத்தது. சென்னை இராஜதானியிலும் கோழிகள் விழுந்துகொண்டிருந்தன. 1930-இல் அதனை ஆராய்ந்தவர்கள் மதராஸ் கோழிக்கொள்ளை என்று பெயரிட்டனர். பின்னர் இவையெல்லாம் ஒரே நோய் எனத் தெளிவாயிற்று. நல்லவேளையாக நம் ஊரின் பெயர் தப்பியது.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் மருந்து கிடைத்துவிடவில்லை. வைரஸ் உடலில் புகுந்து கழிச்சல் கண்ட பிறகு அதனைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பச்சிலையிலும் இல்லை, ஆங்கில மருந்திலும் இல்லை. வருமுன் காப்பது ஒன்றே வழி. ஐயர் என்ற இந்திய ஆராய்ச்சியாளரும் டாப்சன் என்ற ஆங்கிலேயரும் நோய்க் கிருமியைக் கோழிக் கருமுட்டைகளில் அடுத்தடுத்துப் பலமுறை வளர்த்து வலுவிழக்கச் செய்யும் முறையை 1940-இல் வெளியிட்டனர். முக்தேசுவரத்து வித்திலிருந்து செய்த தடுப்பு மருந்தைப் பற்றி ஹாடோவும் இத்னானியும் 1946-இல் எழுதினர். கோழிக்கு வேண்டிய மருந்து கோழிமுட்டைக்குள்ளேயே விளைந்தது!

தமிழ்நாட்டில் இத்தகைய மருந்துகளைத் தயாரிக்கும் நிலையம் 1932-இல் தொடங்கப்பட்டது. அது அமைந்த ஊர் இராணிப்பேட்டை. செஞ்சித் தேசிங்குராசனின் தேவி நினைவாக எழுந்த ஊர் என்பர். நோய்க்குப் பெயர் தந்தது ஒரு இராணியின் வயல். மருந்து தந்தது மற்றொரு இராணியின் பேட்டை. சரித்திரம் சில வேளைகளில் இவ்வாறு சிலேடை செய்கிறது.

அப்படியானால் 1946-க்கு வெகு காலத்திற்குப் பின்னும் எங்கள் பாட்டியார் ஏன் அம்மியை நம்பினார்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. தடுப்பு மருந்து பொடியாகக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஒரு குப்பி நூறு கோழிகளுக்கு உரியது. பனிக்கட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டொரு மணி நேரத்தில் செலுத்திவிட வேண்டும். பண்ணைக்காரருக்கு இது பொருந்தும். பதினொரு கோழி வைத்திருக்கும் கிழவிக்கு ஒரு குப்பியை யார் உடைப்பார்கள்? பகலெல்லாம் வேலியில் திரியும் கோழிகளை யார் பிடித்து வைப்பார்கள்? ஆஸ்பத்திரி ஏழு மைலில் இருந்தது. கீழாநெல்லி வாய்க்கால் கரையில் இருந்தது.

1989-இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மரபு மூலிகை மருத்துவத்தையும் புறக்கணிக்கவில்லை. தஞ்சை மாவட்டத்தில் அதற்கென ஆய்வு மையம் அமைத்தது. கோழிகளுக்கென அங்கிருந்து பரவிய மருந்துக் குறிப்பில் கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், வெங்காயம், பூண்டு என்று கண்டபோது, எங்கள் வீட்டு அம்மி நினைவுக்கு வந்தது.

அந்த உருண்டை என்ன செய்யும்? நோயுற்ற கோழி இரையெடுப்பதை நிறுத்திவிடும். பசியாலும் நீர் வற்றுவதாலும் பாதி உயிர் போகும். காரமும் மணமும் உள்ள பொருள்கள் பசியைத் தூண்டக்கூடும். கையால் ஊட்டுவதால் சிறிது உணவும் நீரும் உள்ளே போகும். நோய் கண்டதைத் தனியே கவிழ்ப்பது மற்றக் கோழிகளுக்கு நன்மை. வீரியம் குறைந்த நோயானால் இவ்வளவே ஓர் உயிரை இழுத்துப் பிடிக்கலாம். ஆனால் வீரியமான வெள்ளைக் கழிச்சலில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு கோழிகள் மடியும். அங்கே உருண்டை தோற்கும். நம்மவர் செய்த ஒரு பெரும் பிழையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சீக்கு வந்த கோழியை விரைந்து அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு, இறகையும் குடலையும் தெருவில் எறிவார்கள். தப்பிய கோழியைச் சந்தைக்கு அனுப்புவார்கள். நோய் ஊர் விட்டு ஊர் சென்றது இவ்வழியாகத்தான்.

குப்பியின் தொல்லையைத் தீர்க்கும் முயற்சி 1980-களில் மலேசியாவில் தொடங்கியது. வெப்பத்தைத் தாங்கும் ஒரு வைரஸ் வகையைத் தீவனத்தில் தடவிக் கிராமக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலிய அறிஞர் ஸ்பிராட்பிரோ இதில் முன்னின்றவர். பின்னர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகமும் வாய்வழியே கொடுக்கும் தடுப்பு மருந்தைச் சிறு உருண்டைகளாகச் செய்தது. ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். இரையோடு இரையாக அதுவே கொத்தித் தின்னும். நோய் வந்தபின் எங்கள் பாட்டியார் அலகை விரித்துச் செலுத்திய உருண்டையை, நோய் வருமுன் கோழி தானே தின்னுமாறு மாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

பாட்டியாரின் இரண்டு கோழிகள் மறு ஆண்டும் தப்பிய காரணம் இப்போது விளங்குகிறது. நோயில் பிழைத்த கோழியின் உடலில் எதிர்ப்பாற்றல் தங்கிவிடும். கழுத்துத் திருகிய கோழி பின்னும் நெடுநாள் முட்டையிட்டது. கீழே கிடக்கும் தானியத்தைக் குறி தவறித் தவறித்தான் கொத்தும். ஆகவே பாட்டியார் அதற்கு மட்டும் ஒரு சட்டியில் நொய்யைக் குவித்து வைப்பார். அதன் முட்டைகளையே அடைக்கு வைப்பார். சீக்கைத் தாங்கிய கோழியின் குஞ்சு சீக்கைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. தாயின் எதிர்ப்பாற்றல் மஞ்சட்கரு வழியாகக் குஞ்சுக்குப் போவது மெய்யே. ஆனால் அது சில வாரங்கள் மட்டுமே நிற்கும். அந்தக் குஞ்சுகள் மூன்றாம் மாதம் வரை கொல்லையில் ஓடித் திரிந்தன.