பொய்க்குரலும் வெள்ளைக்கொடியும்

அமெரிக்காவில் காட்டு வான்கோழிகளின் ஐந்து உபஇனங்கள் வாழ்கின்றன. வசந்தகாலத்தில் அவற்றுள் வேட்டையாடுவதற்கு மிகக் கடினமானது எது என்ற விவாதம் அந்நாட்டு வேட்டைக்காரர்களிடையே ஓய்வதில்லை. கிழக்கு மாநிலங்களின் முதிர்ந்த சேவலே என்பார் சிலர். புளோரிடாத் தீபகற்பத்தில் மட்டுமே காணப்படும் ஒசியோலா வான்கோழியே என்பார் வேறு சிலர்.

வசந்தம் இப்பறவைகளின் இனப்பெருக்க காலம். விடியற்பொழுதில் சேவல் மரக்கிளையில் இருந்தபடியே உரத்துக் குரலெழுப்பும். அக்குரலைக் கேட்டுப் பேடுகள் அதனை நாடிச் செல்வதே இயல்பு. வேட்டைக்காரனோ மறைந்திருந்து, பேட்டின் குரலைக் கருவியால் எழுப்பி, சேவலைத் தன்னிடம் வரவழைக்க முயல்கிறான். இயற்கையின் ஒழுங்கைத் தலைகீழாக்கும் முயற்சி இது. பேடுகள் சூழ்ந்திருக்கும் சேவல் இடம்விட்டு அசைவதில்லை. முன்னர் ஏமாந்து உயிர்தப்பிய சேவலோ, குரல் வந்த திசையில் பேடு தென்படாவிட்டால் ஓசையின்றி நழுவிவிடும். அதன் கூரிய பார்வைக்கு ஒரு விரலசைவே போதும். புளோரிடாவில் சதுப்புநிலமும் அதற்குத் துணைநிற்கிறது. நீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்களில் இரவைக் கழிக்கும் பறவையைச் சத்தமின்றி அணுகுவது எளிதன்று.

ஆக, இவ்வேட்டையின் முதல் ஆயுதம் துப்பாக்கியன்று, பொய்க்குரலே.

இப்பறவைக்கு ஒசியோலா என்ற பெயரைச் சூட்டியவர் பறவையியலாளர் வில்லியம் ஏர்ல் டொட்ஜ் ஸ்கொட். ஆண்டு 1890. அது செமினோல் பழங்குடியினரின் போர்த்தலைவர் ஒருவரின் பெயர். கிழக்கிலுள்ள பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றுவதற்கு 1830இல் சட்டம் இயற்றப்பட்டது. செமினோல்கள் வெளியேற மறுத்தனர். 1835இல் மூண்ட போரில், எண்ணிக்கையிலும் ஆயுதபலத்திலும் மிகுந்த அமெரிக்கப் படையை அவர்கள் இதே சதுப்புநிலங்களில் நின்று திணறடித்தனர். களத்தில் பிடிபடாத ஒசியோலா, 1837 ஒக்டோபரில் செயின்ட் ஒகஸ்டின் நகருக்கு அருகே வெள்ளைக்கொடியின் கீழ் பேச்சுவார்த்தைக்காகக் காத்திருந்தார். தளபதி தோமஸ் ஜெசப்பின் உத்தரவின்பேரில் அங்கேயே அவர் சிறைப்பிடிக்கப்பட்டார்.

1838 ஜனவரி 30ஆம் திகதி, தென் கரோலினாவின் மோல்ட்ரி கோட்டையில் கைதியாகவே அவர் இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் அவரது தலையைத் துண்டித்து எடுத்துச் சென்றார். வேட்டைக்காரர்கள் வான்கோழியின் வால் இறகுகளை வெற்றிச் சின்னமாக வைத்திருக்கும் நாட்டில், ஒரு மனிதரின் தலைக்கும் அந்த நிலை நேர்ந்தது. ஜெசப்பின் செயல் அமெரிக்கர்களிடையேயே கண்டனத்துக்குள்ளானது. தம் செயலை நியாயப்படுத்தி அவர் பல ஆண்டுகள் எழுதவேண்டியிருந்தது.

அவ்வஞ்சகத்தால் போரும் முடியவில்லை. அது 1842 வரை நீடித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செமினோல்கள் மேற்கே அனுப்பப்பட்டனர். எஞ்சிய சில நூறு பேர் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குள் மறைந்து வாழ்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் தம்மை வெல்லப்படாதவர்கள் என்றே இன்றும் அழைத்துக்கொள்கின்றனர்.

ஒருமுறை ஏமாந்த பறவை அடுத்த குரலை நம்பாதிருப்பது அதற்கு நன்மையே. மனிதர் நிலை வேறு. வெள்ளைக்கொடியை எவருமே நம்பாத நாளில், எந்தப் போரையும் பேசி முடிக்க வழியிருக்காது. ஒசியோலாவைப் பிடித்தவர்கள் சிதைத்தது அந்த நம்பிக்கையையே.