பிந்தி வந்து முந்திப் போன வி.ஜி.ஏ.

15 ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பை ஐ.பி.எம். அறிமுகப்படுத்தியது 1987இல், இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் வந்த அதே வருசம். 1990க்குப் பிறகு பல வருசம் எங்களுக்கு மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரிக்கும் தட்டுப்பாடு. 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகுதான் சாமான்கள் தரைவழியாகத் தாராளமாக வந்தன. 2006இல் அதுவும் பூட்டு. பாதை மறுபடி திறந்து அதிக காலமில்லை, 2010 டிசெம்பரில் இன்ரெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் 2015க்குள் வி.ஜி.ஏ.யைக் கைவிடப்போவதாக அறிவித்தன. எங்களிட்ட வந்தது பிந்தி, காலாவதியானது முந்தி.

அதனால் பழைய மொனிற்றரை எறிய அவசரப்படாதேங்கோ. புது லப்டொப்பின் எச்.டி.எம்.ஐ. தருவது டிஜிட்டல் சமிக்ஞை, வி.ஜி.ஏ. கேட்பது அனலொக். வெறும் கேபிள் இதை மாற்றாது. உள்ளே சிப் உள்ள அடப்ரர்தான் வேணும். அப்பவும் திரை கறுப்பாகவே நிண்டால், அடப்ரருக்கு யு.எஸ்.பி. மூலம் மின்சாரம் குடுங்கோ. பிறகு லப்டொப்பில் திரையளவை 1024×768 ஆகக் குறையுங்கோ. அதுக்கும் படம் வராட்டில் மட்டும் மொனிற்றரைச் சந்தேகியுங்கோ.